"போஸ்ட்-ஆப்" என்று எழுதியிருந்தாலே காம்ப்ளிகேஷன் (சிகிச்சையால் வந்த சிக்கல்) கோடு போடலாமா?

முதல்_வருடக்_கோடர்

வணக்கம். அமெரிக்க முறைப்படி இன்பேஷன்ட் (உள்நோயாளி) சார்ட்டைப் படித்து, நோய்க்கு உரிய கோடு எண்களைப் போடும் வேலை தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாளாக ஒரே சார்ட் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் தரவில்லை, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

சிக்மாய்ட் குடலில் புற்றுநோய். லேப்ராஸ்கோப்பி வழியாக அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை இணைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் நோட்டின் நடுவில் ஒரு வரி: பழைய ஒட்டுகளைப் பிரிக்கும்போது சிறுகுடலின் செரோசாவில் (வெளி உறையில்) சிறு கிழிசல், இரண்டு தையல் போடப்பட்டது.

2ஆம் நாள் நோட்டில் "குடல் அசைவு இன்னும் திரும்பவில்லை, எதிர்பார்த்ததே". 4ஆம் நாள் "போஸ்ட்-ஆப் இலியஸ்", அதாவது குடல் ஓடாமல் நிற்பது. வயிறு உப்பி, இரண்டு முறை பச்சையாக வாந்தி எடுத்திருக்கிறார். மூக்கு வழியே குழாய் போட்டு, வாய்வழி உணவை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். 7ஆம் நாள் குழாயை எடுத்து, 9ஆம் நாள் டிஸ்சார்ஜ். சம்மரியில் "இலியஸ், சரியாகிவிட்டது" என்பதோடு சரி.

நான் போட்டவை கே91.89 (சிகிச்சைமுறைக்குப் பின் செரிமான மண்டலத்தில் வரும் பிற சிக்கல்), கே56.7 (இலியஸ்), கிழிசலுக்குக் கே91.71. ஆடிட்டில் கே91.89-ஐயும் கே91.71-ஐயும் அடித்துவிட்டார்கள். "டாக்டர் காம்ப்ளிகேஷன் என்று எழுதவில்லை" என்பது காரணம்.

அதே நோயாளி 16ஆம் நாள் திரும்ப அட்மிட். கீறல் இருந்த இடத்தில் ஆழமாகச் சீழ். தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து வடித்தார்கள். டி81.42எக்ஸ்டி (T81.42XD, ஆபரேஷன் கீறலில் ஆழமான தொற்று) போட்டேன். அதுவும் தவறாம், கடைசி எழுத்து ஏ, அதாவது இனிஷியல், வர வேண்டுமாம். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே, அது எப்படி இனிஷியல் ஆகும்?

சார்ட்_மேசை

தம்பி, நல்ல சார்ட்டாகத்தான் பிடித்து வந்திருக்கிறீர்கள். இலியஸை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஐசிடி-10-சிஎம் (நோய்க் கோடுகளின் அமெரிக்கத் தொகுப்பு) கைட்லைனில் முதல் பிரிவு, பி பகுதி, 16ஆம் பத்தி. காம்ப்ளிகேஷன் கோடிங்கின் அடிப்படை அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. அது என்ன சொல்கிறது? ஆபரேஷனுக்குப் பிறகு வருவதெல்லாம் காம்ப்ளிகேஷன் ஆகிவிடாது. செய்த சிகிச்சைக்கும் வந்த நிலைக்கும் காரண-விளைவுத் தொடர்பு இருக்க வேண்டும், அந்தத் தொடர்பு டாக்டரின் எழுத்தில் தெரிய வேண்டும், அந்த நிலை கிளினிக்கலாக முக்கியமானது என்பதையும் ஆவணம் தாங்க வேண்டும். இதே பத்தியில்தான் "காம்ப்ளிகேஷன்" என்ற சொல்லையே டாக்டர் எழுதியாக வேண்டிய அவசியம் இல்லை என்றும் இருக்கிறது. ஆகவே உங்கள் ஆடிட்டர் சொன்ன காரணம், சொன்ன வடிவில், சரியில்லை.

ஆனால் நீங்களும் அவசரப்பட்டுவிட்டீர்கள். "போஸ்ட்-ஆப்" என்பதைப் பல சர்ஜன்கள் நாள் கணக்குச் சொல்லத்தான் எழுதுகிறார்கள். ஆபரேஷன் முடிந்தபின், அவ்வளவுதான். "ஆபரேஷனால்" என்ற பொருள் அதில் தானாக வந்துவிடாது.

ஆடிட்_கண்

அந்த ஆடிட்டர் நான் இல்லை. ஆனாலும் அவர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும்.

கோடுப் புத்தகத்தின் இண்டெக்ஸைத் திறந்து இலியஸ் என்ற சொல்லுக்குக் கீழே போஸ்ட்ஆப்பரேட்டிவ் என்று தேடினால் கே91.89-க்குத்தான் அனுப்புகிறது. அந்தத் தைரியத்தில்தான் பலர் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இண்டெக்ஸ் வழி மட்டும்தான் காட்டும், டாக்டர் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினார் என்று சொல்லாது. 2ஆம் நாள் "எதிர்பார்த்ததே", 4ஆம் நாள் குழாய், சம்மரியில் வெறும் "இலியஸ்". ஒரே சார்ட்டில் மூன்று குரல். குவெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்பாமல் கோடு போட்டதும் தவறு, குவெரி அனுப்பச் சொல்லாமல் அடித்ததும் தவறு.

இன்னொன்று. கே91.3 வரிசையை யாரும் இதில் இழுத்துவிடாதீர்கள். அது ஆபரேஷனுக்குப் பிந்தைய குடல் அடைப்பு. 2017 அக்டோபரிலிருந்து அது பகுதி அடைப்பு, முழு அடைப்பு என்று பிரிந்திருக்கிறது. இலியஸ் என்பது குடல் ஓடாமல் நிற்பது, அடைப்பு என்பது வழி மூடிக்கிடப்பது. டாக்டர் அடைப்பு என்று எழுதாமல் அந்தக் கோடு கிடையாது.

தியேட்டர்_நர்ஸ்

கோடிங்குக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரிலும் சர்ஜரி வார்டிலும் வேலை பார்த்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன், கோடு எண்ணை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டால் குடல் கொஞ்ச நாள் உறங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். முதலில் சிறுகுடல் விழிக்கும், பிறகு இரைப்பை, கடைசியில் பெருங்குடல். அதனால்தான் 2ஆம் நாள் நோட்டில் "எதிர்பார்த்ததே" என்று வந்திருக்கிறது. அது நோயல்ல.

4ஆம் நாள் பச்சை வாந்தி என்றால் கதை வேறு. சாப்பாட்டை நிறுத்தி, குழாய் போட்டு, எவ்வளவு வடிகிறது என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அளந்து எழுதுவோம். அந்தக் குழாயோடு மூன்று நாள் கிடப்பது நோயாளிக்கு எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். தொண்டை புண்ணாகும், எச்சில் விழுங்கவே வலிக்கும், இரவில் தூக்கம் வராது. இதை ஒரு கோடர் "சாதாரண தாமதம்" என்று கடந்துபோனால் எனக்கு மனசு ஒப்பாது. நர்ஸிங் நோட்டை வைத்துக் கோடு போட முடியாது, தெரியும். ஆனால் குவெரிக்கு வேண்டிய ஆதாரம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. குழாய் போட்ட நேரம், வடிந்த அளவு, எடுத்த நேரம், எல்லாம்.

முதல்_வருடக்_கோடர்

நன்றி அக்கா. நர்ஸிங் ஃப்ளோஷீட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. குவெரியை எப்படி எழுதுவது என்று யாராவது காட்ட முடியுமா? "இது காம்ப்ளிகேஷனா, ஆமாம் அல்லது இல்லை" என்று கேட்டுவிடலாமா?

சார்ட்_மேசை

அப்படி மட்டும் கேட்காதீர்கள். விடையை நாம் டாக்டரின் வாயில் ஊட்டுவது போல இருக்கக் கூடாது. ஏஹிமா, ஏசிடிஸ் என்ற இரண்டு தொழில்முறைச் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட குவெரி நடைமுறைக் குறிப்பு, 2022இல் புதுப்பித்தது, இதைத் தெளிவாகச் சொல்கிறது. இதற்கு எவ்வளவு பணம் வரும், தர அளவீடு என்ன ஆகும் என்ற பேச்சும் குவெரிக்குள் வரக் கூடாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"2ஆம் நாள் குறிப்பில் குடல் அசைவு திரும்பாதது எதிர்பார்க்கப்பட்டது என உள்ளது. 4ஆம் நாள் குறிப்பில் போஸ்ட்-ஆப் இலியஸ் என உள்ளது. அன்று வயிறு உப்பல், இரண்டு முறை பித்த வாந்தி, எக்ஸ்ரே, வாய்வழி உணவு நிறுத்தம், 7ஆம் நாள் வரை மூக்கு-இரைப்பைக் குழாய். 4ஆம் நாள் குறிப்பிட்ட இலியஸின் காரணத்தையும் முக்கியத்துவத்தையும் உங்கள் மருத்துவ முடிவின்படி தெளிவுபடுத்தவும்: அறுவை சிகிச்சையின் விளைவாக நீடித்த இலியஸ் / அறுவை சிகிச்சைக்குப் பின் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் தாமதம் / ஓபியாய்ட் மருந்தின் விளைவாக வந்த இலியஸ் / வேறு காரணம், குறிப்பிடவும் / மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை."

ஓபியாய்ட் என்ற தேர்வைச் சும்மா சேர்க்கவில்லை. வலிக்கு மார்ஃபின் போயிருந்தால் அதுவும் குடலைப் படுக்கவைக்கும். டாக்டர் அதைத்தான் காரணம் என்று சொன்னால் கே91.89 வெளியே போய்விடும். கே56.7-உடன் மருந்தின் பக்க விளைவுக்கான டி40.2எக்ஸ்5ஏ வரும். ஆனால் மருந்துச் சீட்டில் ஓபியாய்டே இல்லையென்றால் அந்தத் தேர்வைப் போடாதீர்கள், சார்ட்டில் அடிப்படை இல்லாத தேர்வு குவெரியில் இருக்கக் கூடாது.

கேள்விக்குறி

கிழிசலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கே91.71 வந்தாலே "பிஎஸ்ஐ 15-இல் விழும், எடுத்துவிடு" என்பார்கள். பிஎஸ்ஐ என்பது மருத்துவமனைகளின் நோயாளிப் பாதுகாப்பு அளவீடு. சர்ஜன் சரிசெய்துவிட்டார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு எதற்கு அந்தக் கோடு?

ஆடிட்_கண்

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துவிடுவோம்.

அளவீட்டில் விழும் என்பதற்காக ஒரு கோடை எடுப்பது தவறு, அதில் பேச்சுக்கே இடமில்லை. அளவீட்டுக்காக ஒன்றைச் சேர்ப்பது எப்படித் தவறோ அதே அளவுக்குத் தவறு. அதோடு, அந்த இடத்தில் சொன்ன பயமே பழசு. அமெரிக்கச் சுகாதாரத் துறை அமைப்பான ஏஹெச்ஆர்க்யூவின் பிஎஸ்ஐ 15 இப்போது வெறும் கிழிசல் கோடை மட்டும் வைத்து எண்ணுவதில்லை. வயிறு அல்லது இடுப்புப் பகுதி ஆபரேஷனில் கிழிசல் கோடு இருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள் கழித்து அதே உறுப்புக்கு மறுபடியும் ஒரு சிகிச்சைமுறை நடந்திருக்கவும் வேண்டும். உள்ளேயே இரண்டு தையல் போட்டு முடிந்துபோன கிழிசல் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, அந்தக் கோடு தேவையா என்பது. அங்கேயும் அதே 16ஆம் பத்திதான். அது கிளினிக்கலாக முக்கியமானதா? சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

தியேட்டர்_நர்ஸ்

செரோசா என்பது குடலின் வெளித்தோல் மாதிரி, மெல்லிய உறை. அதன் கீழே தசை, அதற்கும் உள்ளே சளிப்படலம். முன்பே ஆபரேஷன் ஆன வயிற்றில் குடலும் குடலும் பசை போட்டது போல ஒட்டிக்கிடக்கும். கத்தரி நுனியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிப்பார்கள். அங்கே செரோசா லேசாக உரிந்து வருவது சகஜம், சில சர்ஜன்கள் அதற்குத் தையல்கூடப் போட மாட்டார்கள். ஆனால் கிழிசல் தசையைத் தாண்டி உள்ளே போய்க் குடல் திரவம் வெளியே வந்தால் தியேட்டரே மாறிவிடும். வயிற்றைக் கழுவ வேண்டும், கருவிகளை மாற்ற வேண்டும், சில சமயம் குடலில் ஒரு துண்டை வெட்டவே வேண்டியிருக்கும். ஆபரேஷன் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி ஒரு வரியில்தான் வரும். அந்த ஒரு வரியில் இது எது என்று தேட வேண்டும்.

சார்ட்_மேசை

அருமையாகச் சொன்னீர்கள். இதே இடத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கு உதவும்.

ஹிஸ்டெரெக்டமி சார்ட். கர்ப்பப்பையை எடுக்கும்போது சிறுநீர்ப்பை கிழிந்து, யூராலஜிஸ்டை அழைத்துத் தைத்து, பத்து நாள் கத்தீட்டரோடு அனுப்பியிருந்தார்கள். முக்கியத்துவத்தில் சந்தேகமே இல்லை. நான் என்99.72 போட்டேன். கர்ப்பப்பை வேறு, சிறுநீர்ப்பை வேறு, ஆகவே "வேறு சிகிச்சைமுறையின்போது" என்று என் கணக்கு. தவறு. அந்தக் கோடு உறுப்பை உறுப்போடு ஒப்பிடவில்லை, மண்டலத்தை மண்டலத்தோடு ஒப்பிடுகிறது. 14ஆம் அத்தியாயத்தில் சிறுநீர் மண்டலமும் இனப்பெருக்க உறுப்புகளும் ஒரே வீடு. ஹிஸ்டெரெக்டமியும் அந்த வீட்டு ஆபரேஷன்தான், ஆகவே என்99.71. இந்தத் தம்பியின் சார்ட்டில் குடல் ஆபரேஷனின்போது யூரேட்டர் (சிறுநீர்க்குழாய்) கிழிந்திருந்தால்தான் என்99.72.

இரத்தக்கசிவுக்கும் இதே தர்க்கம்தான், கூடவே நேரமும் சேரும். ஆபரேஷன் நடக்கும்போது வந்த கசிவுக்குக் கே91.61, கே91.62. முடிந்த பிறகு வந்தால் கே91.840, கே91.841. உறைந்த கட்டியாக நின்றால் கே91.870, கே91.871. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது செரிமான மண்டல ஆபரேஷனுக்கு, இரண்டாவது மற்றவற்றுக்கு.

கேள்விக்குறி

அப்படியானால் முதுகுத்தண்டு ஆபரேஷனில் "இன்சிடென்டல் டியூரோடமி" (தண்டுவட உறையில் கிழிசல்) என்று எழுதினால்? இன்சிடென்டல் என்றால் முக்கியமில்லாதது என்றுதானே பொருள்?

ஆடிட்_கண்

இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்குத் "தற்செயலாக நேர்ந்தது" என்று பொருள். ஜி97.41-இன் கீழே அந்தச் சொல் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மூளை-தண்டுவட நீர் கசியக்கூடிய இடம் அது, அதைச் செரோசா உரிவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

ப்ரோஃபீ_மேசை

நான் டாக்டர் பில்லிங் பக்கம். 16ஆம் நாள் அட்மிஷனை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஏழாவது எழுத்து. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை சகோதரரே. ஏ என்பது "முதல் முறை வந்தார்" என்பதல்ல, "அந்தக் கோடு சொல்லும் நிலைக்கு இப்போது ஆக்டிவ் சிகிச்சை நடக்கிறது" என்பது. கைட்லைனே ஓர் உதாரணம் தருகிறது: செயற்கை மூட்டில் தொற்று, டி84.50எக்ஸ்ஏ. மூட்டு வைத்தது எப்போதோ இருக்கலாம், தொற்றுக்குச் சிகிச்சை இப்போது நடக்கிறது, ஆகவே ஏ. உங்கள் நோயாளிக்குச் சீழை இன்றுதான் வடிக்கிறார்கள். டி81.42எக்ஸ்ஏ, அதுவே பிரின்சிபல் (அட்மிஷனின் முதன்மை நோய்). கல்ச்சர் பரிசோதனையில் வந்த கிருமியை டாக்டர் குறிப்பிட்டிருந்தால் அதற்கும் ஒரு கோடு. பிறகு புண் ஆறிவரும்போது பார்க்க வந்தால் அப்போது டி (D) எழுத்து.

ஆழம் எது என்பதையும் சரிபாருங்கள். 2018 அக்டோபரில் டி81.4-ஐப் பிரித்ததிலிருந்து இது முக்கியம். தோலுக்கடியில் சீழ், தையல் சீழ் என்றால் 41. தசை மட்டத்தில் சீழ் என்றால் 42. வயிற்றுக்குள், உதரவிதானத்துக்குக் கீழே என்றால் 43. "வூண்ட் இன்ஃபெக்ஷன்" என்று மட்டும் எழுதி ஆழமே சொல்லாவிட்டால் 40-இல் போய் நிற்கும். ஆபரேஷன் நோட்டில் எந்த அடுக்கைத் திறந்தார்கள் என்று படித்தாலே குவெரி வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சர்ஜனின் பில். 10180 (புண் தொற்றைத் திறந்து வடிப்பதற்கான சிபிடி, அதாவது சிகிச்சைமுறைக் கோடு), அதோடு மாடிஃபையர் 78 (எதிர்பாராமல் தியேட்டருக்குத் திரும்பியதைச் சொல்லும் கூடுதல் குறி). பெரிய ஆபரேஷனுக்கு மெடிகேரின் (அமெரிக்க அரசுக் காப்பீடு) குளோபல் காலம், அதாவது ஒரே கட்டணத்தில் அடங்கும் நாள்கள், முந்தைய நாள், ஆபரேஷன் நாள், பிந்தைய 90 நாள், ஆக 92 நாள். அதற்குள் வரும் காம்ப்ளிகேஷனுக்கு அதே சர்ஜன் வார்டிலோ கிளினிக்கிலோ என்ன செய்தாலும் மெடிகேர் தனியாகத் தராது. ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பினால்தான் 78. தியேட்டர் என்பதில் எண்டோஸ்கோப்பி அறை, கேத் லேப், லேசர் அறை எல்லாம் சேரும். நோயாளியின் படுக்கை அறை, ரெக்கவரி அறை, சிறு சிகிச்சை அறை சேராது. ஐசியுவும் சேராது, தியேட்டருக்குக் கொண்டுபோகவே நேரமில்லாத அளவு நிலை மோசமாக இருந்தால் தவிர. 78 போட்டால் ஆபரேஷன் பகுதிக்கான தொகை மட்டும் வரும், புதிய குளோபல் காலம் தொடங்காது.

58-ஐயும் 79-ஐயும் இதோடு குழப்பாதீர்கள். முன்பே திட்டமிட்ட அடுத்த கட்டத்துக்கு 58, சம்பந்தமே இல்லாத ஆபரேஷனுக்கு 79. சிபிடி புத்தகத்தின் சர்ஜிக்கல் பேக்கேஜில் வழக்கமான பின்கவனிப்பு மட்டும்தான் அடக்கம். அதைப் பின்பற்றும் காப்பீட்டாளரிடம் காம்ப்ளிகேஷன் சிகிச்சையைத் தனியாகக் கேட்க இடமிருக்கிறது. அனுப்பும் முன் யார் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

முதல்_வருடக்_கோடர்

ஏழாவது எழுத்தை இப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இனிஷியல் என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். ஒரு சின்னச் சந்தேகம்: இவருக்குச் செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிப்பது) என்றும் எழுதியிருந்தால் வரிசை மாறுமா?

சார்ட்_மேசை

மாறாது. முதலில் தொற்று எங்கே என்று சொல்லும் டி81.42எக்ஸ்ஏ, அடுத்து செப்சிஸுக்கு டி81.44எக்ஸ்ஏ, பிறகு கிருமி. உறுப்பு செயலிழப்போடு கடுமையான செப்சிஸ் என்றால் ஆர்65.20-உம் அந்த உறுப்புக்கான கோடும். செப்டிக் ஷாக் வரை போய்விட்டால் டி81.12 வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், அப்போது ஆர்65.21 போடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

கேள்விக்குறி

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக இன்னொன்றும் கேட்கிறேன். "போஸ்ட்-ஆப் அனீமியா" என்று எழுதினால் அதுவும் காம்ப்ளிகேஷனா?

ஆடிட்_கண்

வெறும் போஸ்ட்-ஆப் அனீமியா என்றால் டி64.9 (D64.9). திடீர் இரத்த இழப்பால் என்று எழுதினால் டி62 (D62). இரண்டுமே 3ஆம் அத்தியாயம், இதுவரை பேசிய 19ஆம் அத்தியாயத்து டி81 குடும்பத்தோடு சேர்த்துப் படித்துவிட வேண்டாம். ஆபரேஷனில் எதிர்பார்த்த அளவு இரத்தம் போனதால் வந்த டி62 காம்ப்ளிகேஷன் கோடு அல்ல. ஆபரேஷன் முடிந்த உடனே வரும் வழக்கமான வலிக்கும் ஜி89.18 தேவையில்லை.

முதல்_வருடக்_கோடர்

ஐந்து நாள் கழித்து வருகிறேன். இரண்டு குவெரிக்கும் பதில் வந்துவிட்டது.

இலியஸுக்குச் சர்ஜன் முதல் தேர்வைக் குறித்து, பக்கத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "விரிவாக ஒட்டுகளைப் பிரித்துக் குடலைக் கையாண்டதால் நீடித்தது, 4 முதல் 7ஆம் நாள் வரை குழாய் தேவைப்பட்டது." கிழிசலுக்கு: "செரோசா மட்டும், உட்குழி திறக்கவில்லை, அடர்ந்த ஒட்டுகளைப் பிரிப்பதில் தவிர்க்க இயலாதது, கிளினிக்கல் முக்கியத்துவம் இல்லை."

ஆக கே91.89-ஐத் திரும்பச் சேர்த்து, அதன் பின்னால் கே56.7. கே91.71-ஐ எடுத்துவிட்டேன். இலியஸ் கோடு இரண்டுக்கும் பிஓஏ "என்" (அட்மிட் ஆகும்போது இல்லை). இரண்டாவது அட்மிஷனில் டி81.42எக்ஸ்ஏ, பிஓஏ "ஒய்" (அட்மிட் ஆகும்போதே இருந்தது). முதல் அட்மிஷனின் ஆடிட்டரிடம் குவெரி பதிலோடு மறுபரிசீலனை கேட்டேன், கே91.89-ஐ ஏற்றுக்கொண்டார். கே91.71-இல் அவர் அடித்தது முடிவில் சரி, காரணம்தான் வேறு.

சார்ட்_மேசை

ரொம்ப சந்தோஷம் தம்பி. குவெரி பதில் தனித் தாளாக நிற்காமல் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அடெண்டமாகவும் (பிற்சேர்க்கையாகவும்) ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பணம் கட்டுகிறவர்கள் ரெக்கார்டு கேட்டால் சில இடங்களில் குவெரித் தாள் கூடவே போகாது. அப்போது அவர்கள் கண்ணில் படுவது "இலியஸ், சரியாகிவிட்டது" என்ற அந்தப் பழைய வரிதான்.

முதல்_வருடக்_கோடர்

ஏறவில்லை அக்கா. இப்போதுதான் பார்த்தேன். அடெண்டம் கேட்டு அனுப்பிவிட்டேன்.